எஞ்சின் இல்லாத பஸ்ஸுக்கு எஞ்சின் ஆயில் ஓகே

1. முதல் நாள்

கூலாய் ஊரில் ஒரு பஸ் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது நாற்பத்து மூன்று. இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். வேலையின் பெயர் 'வெஹிக்கிள் செக்கர்'. பன்னிரண்டு பஸ்கள். பண்டார் தெங்காரா என்ற ஊரிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து ஒரு தொழிற்சாலையில் இறக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் கான்ட்ராக்ட் ஒன்றுதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. தினமும் பஸ் கிளம்பும் முன் டயர், பிரேக், விளக்கு, எஞ்சின் ஆயில் என்று பதினான்கு விஷயங்களைச் செக் செய்து, தாளில் டிக் போட்டு, கையெழுத்திட வேண்டும்.

செக் என்றால் என்ன பொருள் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அந்த ஆங்கிலச் சொல்லை நாம் எதற்குத்தான் பயன்படுத்துவதில்லை? குழம்பில் உப்பு செக் பண்ணுகிறோம். போனைச் செக் பண்ணுகிறோம். வரப்போகும் மாப்பிள்ளை குடிப்பாரா என்று செக் பண்ணுகிறோம். மலாயிலும் அதே சொல்தான்.

எங்கள் கம்பெனியில் அதற்கு வேறு பொருள் இருந்தது. தலைமை டிரைவர் மணியம் அதை விளக்கினார்.

"இங்க பாரு கலா, செக் பண்றதுன்னா டிக் அடிக்கிறது. திங்கக்கிழமையே ஆறு நாளுக்கும் அடிச்சிரு. நடுவுல மழை வந்தா பேப்பர் நனைஞ்சிரும் லா."

மழைக்கும் சனிக்கிழமை பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கடையில் தோசை கேட்டு ரொட்டி சானாய் வந்தால் அதையே சாப்பிட்டுவிட்டு வரும் ஆள் நான். ஒரு டிரைவரிடம் போய், "உங்க பிரேக்கைக் காட்டுங்க" என்று சொல்வது அவரைத் திருடன் என்று சொல்வதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. டிக் போடுவதில் யார் மனமும் புண்படாது. ஒரு கிளாஸ் கோப்பி ஓ குடித்து முடிப்பதற்குள் ஒரு வார வேலை முடிந்துவிடும்.

2. ஏழாம் நம்பர்

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து ஆடிட் செய்ய ஆள் வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி காசிம் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கான்ட்ராக்ட் போச்சுன்னா பன்னிரண்டு பஸ்லயும் நாசி லெமாக் பொட்டலம்தான் விக்கணும். உன் பேப்பர்லதான்மா நம்ம மானம் இருக்கு."

வந்தவர் மிஸ் ஸ்டெல்லா. குள்ளமான பெண், பாதுகாப்புக் காலணி. என் ஃபைலை நிதானமாகப் புரட்டினார்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க. ஒரு வருசமா ஒரு பல்பு கூட ஃபியூஸ் ஆகலையா?"

பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"இந்த ஏழாம் நம்பர் எங்க நிக்குது?"

ஏழாம் நம்பரின் எஞ்சினை இறக்கி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி மூன்று வாரமாகிவிட்டது. பஸ் பின்வேலி ஓரம் லாலான் புல்லுக்குள் நின்றது. என் டிக் மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் ஸ்டெல்லா பஸ்ஸின் பின்கதவைத் தூக்கினார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை, நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது.

"இன்னிக்கு எஞ்சின் ஆயில் ஓகேன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மிஸ்."

"நாளைக்கும் ஓகேவா?"

காசிம் பாய் முன்னால் வந்தார். "அது வந்து மிஸ், எஞ்சினை நேத்துதான் இறக்கினோம்."

"குட்டிங்க கண்ணைத் தொறந்துருச்சு பாய்."

"பூனை நல்ல கண்டிஷன்ல இருக்கு மிஸ்," என்றார் மணியம், உதவி செய்வதாக நினைத்து.

ஒரு மாத அவகாசம். சொல்லாமல் திரும்ப வருவாராம். தாளில் இன்னொரு பொய் இருந்தால் கான்ட்ராக்ட் ரத்து. கிளம்பும் முன் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா, செக்னா என்னன்னு தெரியுமா? சதுரங்கத்துல சொல்ற அதே செக்தான். பாரசீகத்துல ஷான்னா ராஜா. ராஜாவுக்கு ஆபத்துன்னு சொல்லத்தான் அந்தச் சத்தம். அதிலேருந்து தடுத்து நிறுத்துறதுன்னு அர்த்தம் வந்துச்சு. சரிபார்க்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான். நீங்க இதுவரைக்கும் யாரையாவது நிறுத்தியிருக்கீங்களா?"

"எனக்குச் சத்தம் போட வராது மிஸ்."

"மெதுவா சொல்லுங்க. சொன்னா போதும்."

3. மூன்றாம் நம்பர்

அதன்பின் நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். செக் முடியும்வரை சாவி என் பாக்கெட்டில் இருக்கும். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். "கலா போலீஸாயிட்டா" என்றார் மணியம்.

மூன்றாவது வாரம், மழை தூறிய ஒரு காலை. அட்டையை விரித்து மூன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். மழைத்தண்ணீராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தொட்டேன். வழவழவென்றிருந்தது. பிரேக் ஆயில்.

காசிம் பாய் குடையோடு வந்துவிட்டார்.

"அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. லேட்டாச்சுன்னா அந்தப் பொம்பள கான்ட்ராக்டைக் கிழிச்சிருவா. சாவியைக் குடு!"

தாளில் பிரேக் என்ற இடத்தில் ஒரு கிராஸ் போட்டு அவரிடம் நீட்டினேன். கம்பெனி வரலாற்றிலேயே முதல் கிராஸ்.

"என்னா இது?"

"கிராஸ் பாய்."

"அழி."

"பேனாவுல போட்டேன் பாய்."

என்னை முறைத்தார். குடையை மணியத்திடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு அட்டையில் படுத்து உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது விரலில் ஆயில், முதுகெல்லாம் சேறு.

"மணியம், ரெண்டாம் நம்பரை ரெண்டு டிரிப் அடி."

நாற்பது நிமிடம் லேட். தொழிற்சாலையில் சத்தம் போட்டார்கள். அன்று மதியமே மிஸ் ஸ்டெல்லா வந்து நின்றார். ஃபைலைப் புரட்டினார். கிராஸ் வந்த இடத்தில் நிறுத்தினார். மூன்றாம் நம்பருக்கு அடியில் தானே குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் கிராஸுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கான்ட்ராக்ட் நிலைத்தது. ஏழாம் நம்பருக்கு எஞ்சின் திரும்பி வந்தது. பூனைக் குடும்பம் ஸ்டோர் ரூமுக்கு மாறியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதக் கடைசியில் உங்கள் தாளில் ஒரு கிராஸ் கூட இல்லையென்றால் பின்கதவைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பூனை இருக்கலாம்.

கடையில் தோசை கேட்டு ரொட்டி சானாய் வந்தால் இன்றும் அதையே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதில் யாரும் சாகப்போவதில்லை.