குடிலுக்குப் போய் வந்த ஆறு ஆடுகள்

1. ஆடு வளர்க்கத் தொடங்கி வந்த முதல் மார்ச்சில் என் இருபது மெரினோ ஆடுகளின் கம்பளியைக் கத்தரித்தேன். நாற்பத்தொரு கிலோ வந்தது.
2. அதைப் பூண்டு கட்டும் பிளாஸ்டிக் சாக்குகளில் அப்பா அமுக்கிக் கட்டினார். எங்கள் வீட்டில் எதையும் அதில்தான் கட்டுவோம். சாக்கின் வாயை நான்தான் பிடித்துக்கொண்டேன்.
3. சாக்கின் இழைகள் கம்பளியில் கலந்துவிட்டன. கம்பளியில் சாயம் ஏறும், பிளாஸ்டிக்கில் ஏறாது. ஈரோட்டுப் பக்கம் சிறிய நூற்பாலை நடத்தும் ஒரு பெண்மணி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டியைக் காலியாகவே திருப்பினார்.
4. இன்னொரு கத்தரிப்பு வரை பொறுப்பதாக அப்பா சொன்னார். அதுவும் விலை போகவில்லை என்றால் ஈஸ்டருக்கு முன் ஆடுகள் கறிக்கடைக்கு. மலைச்சரிவில் புல் போட்ட மூன்று அடுக்கு வயல்களிலும் மறுபடி பூண்டு.
5. ஒன்பது மாதம் எல்லாம் சரியாக நடந்தது.
6. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், நான் கோயம்புத்தூர் போயிருந்த நேரத்தில், ஊர்க் கோயிலில் குடில் வைக்க என் அம்மா ஆறு ஆடுகளை இரவல் கொடுத்தார்.
7. ஆடுகள் திரும்பி வந்தன. மின்னிக்கொண்டு வந்தன.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். படித்து முடித்து இரண்டு ஆண்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து இழைகளை நுண்ணோக்கியில் அளந்தேன். ஒரு நாள் என் மேசைக்கு வந்தது கொடைக்கானல் மலையில் வளர்ந்த ஆட்டின் கம்பளி. தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பூம்பாறைக்கு மேலே எங்கள் நிலத்தில் இருக்கும் அதே குளிர், அதே புல். அங்கே முடிவது இங்கேயும் முடியும் என்று மதியச் சாப்பாட்டுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேலையை விட்டேன்.

அப்பா பூண்டு விவசாயி. எனக்காக மேல் மூன்று அடுக்குகளை விட்டுக்கொடுத்தார். அது சின்ன விஷயம் இல்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாம், "மண்ணுல தங்கம் வெளையுது, அதுல போயி புல்ல வெதச்சு வச்சிருக்கீகளே" என்று அவரிடம் கேட்டார்கள். முதல் கம்பளி திரும்பி வந்த பிறகு கேட்பது இன்னும் கூடியது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான் நிறைய மாற்றினேன். கொட்டகைப் பக்கம் பிளாஸ்டிக் சாக்கு வரக் கூடாது. கட்டும் கயிறும் பருத்திதான். அம்மா பழைய வேட்டிகளைப் பிரித்துக் கம்பளிக்குப் பைகள் தைத்தார். ஒவ்வொரு ஆட்டின் கம்பளியையும் மாதம் ஒரு முறை விலக்கி, நீளத்தையும் மென்மையையும் குறித்தேன். அதன்படி இருபது ஆடுகளையும் வரிசைப்படுத்தி, எழுதிய தாளைக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன்.

அதுதான் வினையாகிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அன்று, அம்மா சமையலறையில் இருந்தபடியே பெருமையாகச் சொன்னார். "ஃபாதர் கேட்டாருடி. பொம்மை ஆடு வேணாம், உசுரோட நிக்கட்டும்னாரு. ஆண்டவருக்குக் குடுக்கிறதுல சொத்தையவா குடுப்பாக? கதவுல நீ எழுதியிருந்தியே, அதுல மேல இருந்து ஆறு எடுத்துவிட்டேன்."

மேலே இருந்து ஆறு. அந்த ஆறும்தான் மந்தையில் சிறந்த கம்பளி. இருபது ஆடுகளில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஆறு முதுகுகளில் இருந்தது.

கோயிலுக்கு ஓடினேன். ஓலைக் கூரை போட்ட குடிலில் ஆறு ஆடுகளும் அமைதியாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் டீச்சர் ஸ்டூலில் ஏறி நின்று வெள்ளி ஜிகினாத் தூளை உள்ளங்கையில் கொட்டி ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது பாக்கெட். தூள் மெதுவாக இறங்கி ஆடுகளின் முதுகில் உட்கார்ந்தது.

"டீச்சர், நிறுத்துங்க!"

"ஏன் புள்ள? பெத்லகேம்ல பனி பெய்ய வேணாமா?"

"கம்பளி போச்சு டீச்சர்."

"போச்சா? எங்க போச்சு? இந்தா கெடக்கு." ஒரு ஆட்டின் முதுகைத் தட்டிக் காட்டினார். தூள் உதிரவில்லை, இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. "காலேஜெல்லாம் படிச்சுட்டு, ஜிகினாவத் தட்டிவிடத் தெரியலையாக்கும்."

தட்டிவிட முடியாது. கம்பளியில் ஆட்டின் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதில் ஒட்டியது ஒட்டியதுதான். ஜிகினாவும் பிளாஸ்டிக்தான், சாயம் ஏறாது. முதல் முறை சாக்கு இழை, இந்த முறை இது.

விழா முடியும் வரை ஆடுகளைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. ஊரே வந்து பார்த்தது, ஃபாதர் பிரசங்கத்தில் வேறு எங்கள் வீட்டுக்கு நன்றி சொன்னார். அப்பா எழுந்து கும்பிட்டார். எனக்கு மட்டும் குடிலைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆடுகள் வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து வழிகளை எழுதினேன். ஆட்டைக் குளிப்பாட்டலாம், ஜனவரிக் குளிரில் நனைந்த கம்பளி மூன்று நாள் காயாது, நிமோனியா வரும். சீவலாம், இழை அறும், தூள் இன்னும் உள்ளே போகும். ஆறையும் விட்டுவிடலாம்; அப்படிச் செய்தால் மீதிக் கம்பளி இருபத்தாறு கிலோதான் தேறும். நூற்பாலை அம்மா முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்: நாற்பது கிலோவுக்குக் குறைந்தால் அவருடைய இயந்திரத்தில் தனியாக ஓட்ட முடியாது, எடுக்கவும் மாட்டார்.

மூன்றையும் அடித்துவிட்டு, கொட்டகைக்குப் போய் முதல் ஆட்டின் முதுகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே தூய வெள்ளை. இன்னும் நான்கு இடங்களில் விலக்கினேன். எங்கேயும் உள்ளே தூள் இல்லை. பிசுக்கு அதை மேலேயே பிடித்து வைத்திருந்தது. நுனியில் ஒரு சென்டிமீட்டர் ஆழம்வரைதான். தூளை ஒட்டவைத்ததும் பிசுக்கு, உள்ளே விடாமல் காத்ததும் பிசுக்கு.

அப்படியானால் நுனியை வெட்டிவிடலாம். நூற்புக்குக் குறைந்தது ஆறரை சென்டிமீட்டர் நீளம் வேண்டும். மார்ச்சுக்குள் எட்டு வளரும். ஒன்று போனாலும் ஏழு நிற்கும். கத்தரித்த பிறகு மேசையில் வைத்து வெட்டினால் துண்டுகள் கம்பளிக்குள்ளேயே விழும். ஆடு நின்றுகொண்டிருக்கும்போதே, வெளிப்பக்கமாக வெட்டி எறிய வேண்டும். சிறிய கத்தரிக்கோலால். ஆறு முதுகும்.

ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. அம்மா எங்கள் அன்பியத்தில் சொன்னார். பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு நாள் ஜெபம் சொல்லும் கூட்டம் அது. மறுநாளே ஐந்து பெண்கள் பூ வேலைக் கத்தரிக்கோல்களோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றது டீச்சர்.

"நான் ஊதுனத நானே பொறுக்குறேன். திட்டிறாத."

"திட்டல டீச்சர். இப்படி ஓரமா உக்காருங்க."

காலையில் வெள்ளனே வந்து பிரயோசனம் இல்லை என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டோம். ஜிகினா வெயிலில்தான் தன்னைக் காட்டிக் கொடுக்கும். பத்து மணிக்குச் சூரியன் சரிவுக்கு மேலே வரும். ஒரு மணிக்கெல்லாம் கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி மூடிவிடும். அந்த மூன்று மணி நேரம்தான் வேலை. ஆட்டைச் சூரியனுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் முதுகு முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெட்டு.

அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே வெட்டினார். மற்றவர்கள் ஊர்க்கதை பேசினார்கள்.

"எம் மக தலையில பேன் பாத்ததுக்கப்புறம் இப்பத்தான் இப்படி உக்காந்து பாக்கேன்."

"ஓம் மக இப்படி நிப்பாளா? இது எவ்வளவோ தேவல."

"ஏ டீச்சர், அடுத்த வருசம் நாடகத்துல நட்சத்திரமே வேணாம், இந்த ஆட்ட ஏத்தி விடுவோம்."

"ஏத்தி விடு. ஓம் புருசன மேய்ப்பனா போடுறேன், அவுகளும் சும்மாதான கெடக்காக."

ஒரு நாள் இந்தக் கூத்து நடக்கும்போது கறிக்கடைக்காரர் வந்தார். ஈஸ்டருக்கு ஆடு சொல்லி வைக்க வந்தவர். நேராக அப்பாவிடம் போகாமல், ஒரு ஆட்டின் இடுப்பை அழுத்திப் பார்த்தார். எலும்பும் சதையும் எவ்வளவு என்று பார்க்கிற அழுத்தல்.

"ஏத்தா, வெள்ளி பூசி வளர்க்குற போல. கிலோ கணக்குல குடுப்பியா, பவுன் கணக்குலயா?"

"கையை எடுங்கண்ணே. இது இன்னும் உங்களுது இல்ல."

"இன்னும்தான இல்ல" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு, "மார்ச் முடியட்டும்" என்று மட்டும் சொன்னார். கறிக்கடைக்காரர் போன பிறகு அப்பாவும் வந்து ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டார். வெட்டத் தெரியாது, பிடிக்க வந்தேன் என்றார். ஆறு ஆடுகளும் முடிய ஒன்பது வெயில் நாள் தேவைப்பட்டது. அதற்கு நாட்காட்டியில் மூன்று வாரம் போனது.

மார்ச் இரண்டாம் வாரம் கத்தரித்தேன். பதினான்கு சாதாரண ஆடுகளை முதலில், ஆறைக் கடைசியில். எந்திரக் கத்தரி வயிற்றில் தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, முதுகெலும்பைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கும்போது, கம்பளி முழுதும் போர்வை மாதிரி ஒரே விரிப்பாகக் கழன்று வரும். வெட்டப்பட்ட நுனிகளோடு அந்த ஆறும் அப்படியே வந்தன. கிழியவில்லை. மேசையில் கறுப்புத் துணி விரித்து, டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஆறிலும் சேர்த்துப் பதினேழு துகள் மிச்சம் இருந்தன. இடுக்கியால் எடுத்தேன். நீளம் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையவில்லை.

எல்லாவற்றையும் வேட்டிப் பைகளில் போட்டு, அப்பாவின் பூண்டுத் தராசில் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். அவர் எடையைச் சொன்னார், நான் கூட்டினேன். நாற்பது கிலோ முந்நூறு கிராம்.

நூற்பாலை அம்மா வண்டியோடு வந்தார். இந்த முறை அவரிடம் நானே முதலில் சொல்லிவிட்டேன்: ஆறு ஆடுகளில் ஜிகினா விழுந்தது, நுனியை வெட்டி எடுத்தோம், அந்தப் பைகளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். மறைத்து விற்று, சாயத்தொட்டியில் தெரிந்தால், அதோடு கதை முடிந்துவிடும்.

அவர் முகம் மாறியது. "ஜிகினாங்களா? ஏனுங் அம்மணி, போன வருசம் சாக்கு, இந்த வருசம் திருவிழாவா?"

அவரே ஒரு சிவப்பு நூல் பையை அவிழ்த்தார். விரிப்பை வாசல் வெயிலில் போட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒரு கற்றையை உருவி இரண்டு முனையையும் பிடித்துக் காதருகே சுண்டினார். அறாத இழை மெல்லிய கம்பி மாதிரி ஒலிக்கும். சுண்டினார், அறவில்லை. அடுத்த பை. அதற்கடுத்தது. ஆறையும் பார்த்தார். என் அம்மா வாசலில் நின்று ஜெபமாலையை விரல்களில் நகர்த்திக்கொண்டிருந்தார். அப்பா பூண்டுக் கட்டைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

கடைசியில் நூற்பாலை அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணு கிடைச்சிருச்சு அம்மணி."

நான் பைகளைத் திரும்பிப் பார்த்தேன். "எந்தப் பையில?"

"பையில இல்லீங்க. உங்க புருவத்துல." கை நீட்டி எடுத்துக் காட்டினார். "கம்பளி சுத்தமா இருக்குது. இப்படிப்பட்ட நீளத்துல, இவ்வளவு மெல்லிசா நான் இந்த மலையில வாங்கினதில்ல. ஏத்துங்க வண்டியில."

பார்க்க வந்திருந்த டீச்சர் கைதட்டினார். என் அம்மா, "அப்பாடி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பைகளை அப்பாதான் ஏற்றினார், யாரையும் தொடவிடாமல், குழந்தையைத் தூக்குவது மாதிரி அடியில் கை கொடுத்து. வண்டி வளைவில் மறைந்ததும் செல்போனை எடுத்துக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஈஸ்டருக்கு வேற எடம் பாத்துக்க. இல்லப்பா, வெலைக்காகச் சொல்லல. இது எங்க சோலி. ஆமா, ஆட்டுச் சோலிதான்."

இப்போது எங்களிடம் முப்பத்தோரு ஆடுகள் இருக்கின்றன. புல் நான்கு அடுக்குகளில் நிற்கிறது. நான்காவதை நான் கேட்கவில்லை, அப்பாவே ஒதுக்கினார். நூற்பாலை அம்மா அடுத்த கத்தரிப்புக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஆடுகள் எதுவும் விற்பனைக்கு இல்லை.