முதல் சிரட்டை

எங்கள் பெரியப்பா பிஜித் தமிழர். ரொறன்ரோவில் வேலை செய்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவைக் கண்டு கலியாணம் கட்டியவர். மில்லிக்கனில் அவர்களுடைய வீட்டில்தான் நானும் அம்மாவும் இருந்தோம்.

பிஜியில் ஒரு கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மண்ணின் பூர்வகுடிகளும், கரும்பு வெட்டப் போன இந்தியர்களின் பிள்ளைகளும் ஒரே கொடியின் கீழ் நிற்க வேண்டும் என்பது கொள்கை. தேர்தலில் வென்ற சூடு ஆறுவதற்குள் பட்டாளம் வந்து ஆட்சிக் கதிரையைப் பறித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். யார் தலைவர் என்ற கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. கட்சி இரண்டானது. பெரியப்பா ஒரு பக்கம், அவருடைய உயிர்ச் சிநேகிதரான பூர்வகுடி அங்கிள் மறுபக்கம். கனடாவுக்கு வந்தபிறகும் மில்லிக்கனுக்கும் அங்கிள் இருந்த மிசிசாகாவுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது, பிஜியில் இருந்த கட்சி இளையவர்கள் கெஞ்சினார்கள். பெரியவர்கள் இருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் கட்சி மறுபடி ஒன்றாகும். அங்கிளும் மனமிறங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

அவர்கள் ஊரில் சமாதானம் கவா குடித்துத்தான் தொடங்கும். ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். வாங்குபவர் ஒரு தரம் கைதட்டிவிட்டுக் குடிப்பார்.

"சேத்துத் தண்ணியைக் குடுத்தோ வந்த ஆக்களை வரவேற்கிறது?" என்று பெரியம்மா புறுபுறுத்துக்கொண்டு ரோல்ஸ் பொரித்தார்.

பரிமாறும் உத்தியோகத்தை நான் அடம்பிடித்து வாங்கியிருந்தேன். முதல் சிரட்டை விருந்தாளிக்கு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணியென்றாலும் முதலில் பெரியப்பாவுக்குத்தான்; அது பெரியம்மா போட்ட சட்டம். சிந்தாமல் அள்ளி அவரிடமே நீட்டினேன்.

அவர் சிரட்டையைப் பார்த்தார். அங்கிள் அவரைப் பார்த்தார். பெரியப்பா ஒரு தரம் கைதட்டிவிட்டு மடமடவென்று குடித்தார்.

அங்கிள் இரண்டாவதைக் குடித்தார். ரோல்ஸ் நல்ல ருசி என்றார். கடிதத்தைப் பிறகு பார்ப்போம் என்று காரில் ஏறியவர் பிறகு வரவேயில்லை. அடுத்த தேர்தலோடு கட்சியும் இல்லாமல் போனது.

"கட்சியைக் கவிட்டவள் உவள்தான்" என்று கலியாணவீடுகளில் பெரியம்மா என்னைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், பெரியப்பா உட்பட. நான் குளியலறைக்குள் போய் அழுவேன். ஒரு தேசத்தையே கெடுத்துவிட்டேன் என்று நம்பி, அங்கிளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"பரவால்லம்மா, நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன தெரியும்?"

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி! இன்றைக்கு இருவருமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் பெரியப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். பெரியப்பா சிரட்டையை வாங்கி அவரிடம் நீட்டியிருக்கலாம் என்பது அந்த எட்டு வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.