என் மகன் முதலாவதாக வரக்கூடாது என்று நான் ஜெபித்த நாள்

என் மகன் பந்தயக் கோட்டில் போய் நின்றுவிட்டான். அவன் வயிற்றில் முந்தின நாள் காலையிலிருந்து ஒரு பருக்கை சோறு இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க மனசு கேட்கவில்லை, சகோதரிகளே. எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1974ஆம் வருஷம். செகந்திராபாத்தில் மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூத்தவன் ஸ்டீபனுக்குப் பதினாறு வயது, இளையவள் லில்லிக்குப் பத்து. ஸ்டீபன் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுகிறவன். மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று சுற்ற வேண்டும். வேகமும் வேண்டும், தம்மும் வேண்டும், அதற்கு மேல் புத்தியும் வேண்டும் என்று அவனுடைய டிரில் மாஸ்டர் நரசிம்மலு சார் சொல்வார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஸ்டீபனுக்கு டைபாய்டு வந்து, பிழைப்பானா என்று நாங்கள் அழுத அழுகை கொஞ்சமல்ல. ஆண்டவர் உயிரோடு திருப்பிக் கொடுத்தார். இனி ஓடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வருஷம் முழுக்க இவன் வயிறு காயக்கூடாது, காய்ந்த வயிற்றோடு ஓடினால் எங்கேயாவது சுருண்டு விழுவான், ஜாக்கிரதை என்றார். நானும் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டேன்.

உடம்பு தேறியதும் ஜில்லாப் போட்டி வந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் முன்னால் போனவன் கடைசிவரை முன்னாலேயே ஓடி, மற்றவர்களைப் பாதி மைதானத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்து நின்றான். அன்றைக்குப் பிடித்தது சனியன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி கேன்டீனில் போய்ப் பெருமையடித்தார். ஓட்டக்காரப் பையன்களுக்குக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள், இவனுக்கு வேலை நிச்சயம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சபையிலும் அறிவிப்பு நேரத்தில் எங்கள் போதகர் ஐயர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனால் நானும் சேர்ந்துதான் தட்டினேன், பெற்றவள் தட்டாமல் இருப்பேனா?

அடுத்தது நவம்பரில் மாநிலப் போட்டி. முதல் இரண்டு பேரை அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவார்கள். நரசிம்மலு சார் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, டீயைக்கூடக் குடிக்காமல் தெலுங்கும் ஹிந்தியுமாய் எங்களுக்கு விளக்கினார். ஜில்லாவில் நடந்தது இங்கே நடக்காது, மாநிலத்தில் ஓடுகிற பையன்கள் யாராவது ஒருவன் முன்னால் போகட்டும் என்று காத்திருப்பார்கள், முன்னால் போகிறவன்தான் காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் சொகுசாய் வந்து கடைசிச் சுற்றில் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள், அதனால் ஸ்டீபன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ அடங்கி ஓட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவேயில்லை. சார் போனதும் என்னிடம் பாய்ந்தார்.

"பின்னால ஓடுததுக்கா சபையே முழங்கால்ல நிக்கிது? முன்னால போனாத்தான் முன்னால வர முடியும். இவனுக்கு அந்த சார் பயத்தக் கத்துக் குடுக்காரு."

ஸ்டீபன் கதவுப் பக்கம் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சே குறைந்துபோயிற்று. நான் என்ன கேட்டாலும் அந்த ஊர் ஹிந்தியில் நக்கோ, ஹவ், அதாவது வேண்டாம், ஆமாம் என்று இரண்டே வார்த்தைதான்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி கிரேஸ் அக்கா. தங்கமான மனுஷி, ஆனால் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் விடமாட்டார். போட்டி சனிக்கிழமை என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போட்டி முடிகிறவரை ஐக்கியம் முழுவதும் உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டார். விஷயம் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு அக்காவாக எங்கள் வீட்டுக்கு வந்து, ஸ்டீபன் தலையில் கை வைத்து ஜெபித்து, "உனக்காக நாங்க பட்டினி கிடக்கப் போறோம்யா, நீ ஃபர்ஸ்ட்டா வந்திரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரியமாய்த்தான் சொன்னார்கள். பதினாறு வயசுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு எப்படி ஓடும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை நான் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு, அண்ணனுக்கு எடுத்துப் போடு என்று லில்லியிடம் சொல்லிவிட்டு ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போனேன். இருட்டித் திரும்பினபோது பாத்திரங்கள் கழுவிக் கிடந்தன, அவன் சாப்பிட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை விடிந்ததும் சார் வந்து அவனைக் கூட்டிப்போய்விட்டார். இட்லி டப்பாவை அவன் பையில் வைத்து, கட்டாயம் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.

ஸ்டேடியத்தில் நாங்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். கிரேஸ் அக்கா என் பக்கத்தில். என் வீட்டுக்காரர் கீழே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டீபன் தன் பையை லில்லியிடம் கொடுத்துவிட்டுக் களத்துக்குள் போயிருந்தான். பையில் தண்ணீர் இருக்கிறதா என்று நான் திறந்தால் இட்லி டப்பா கனத்தது. மூடியைத் திறந்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. லில்லி என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா நேத்தும் சாப்பிடலம்மா. எனக்கே குடுத்துட்டாங்க. ஆன்ட்டிங்கல்லாம் பட்டினியா இருக்கறப்ப நான் மட்டும் எப்படித் தின்றதுன்னாங்க. உன்கிட்ட சொன்னா பேசவே மாட்டேன்னாங்க."

டாக்டர் சொன்னது காதில் இடி மாதிரி விழுந்தது. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி உள்ளே போகிற கேட்டுக்கு ஓடினேன். கையில் பட்டை கட்டின ஆள் ஒருவர் மறித்தார். பையனை நிறுத்துங்கள், உடம்பு சரியில்லாத பிள்ளை என்று எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சொன்னேன். பந்தயம் முடிந்தபின் வாருங்கள் என்றார். அவருக்கு நான் யாரோ ஒரு பைத்தியக்கார அம்மா. நரசிம்மலு சார் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றார், என் சத்தம் அவருக்கு எட்டாது. வெடிச் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

பார்க்கிறேன், ஸ்டீபன்தான் முன்னால். அப்பா சொன்னபடி முதல் வளைவிலேயே எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நான் மேலே ஏறி வந்து பெஞ்சில் விழுந்தேன். பக்கத்தில் கிரேஸ் அக்கா கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, முதலிடம் தாரும், முதலிடம் தாரும் என்று உருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையை இழுத்துக் கீழே இறக்கினேன்.

"அக்கா, அந்த ஜெபத்த நிறுத்துங்க. பிள்ள நேத்திலிருந்து சாப்பிடல. இப்படியே ஓடினா செத்துருவான்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவரும் நானும் பெஞ்சுக்குக் கீழே முழங்காலில் நின்றோம். அவர் என்ன ஜெபித்தார் என்று தெரியாது. நான் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் ஒன்றைத்தான் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு முதலிடம் வேண்டாம். போகிறவர்கள் போகட்டும், விட்டுவிடும்படி இவனிடம் சொல்லும். என் பிள்ளை தன் காலில் நடந்து என்னிடம் வந்தால் போதும்."

நிமிர்ந்தபோது இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் ஸ்டீபனின் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. ஒரு நெட்டைப் பையன் அவனைத் தாண்டினான். பிறகு இன்னொருவன். பிறகு மூன்றுபேர் சேர்ந்தாற்போல் தாண்டிப் போனார்கள். ஸ்டீபன் எதிர்க்கவேயில்லை. ஓரமாய் ஒதுங்கி, அவர்களுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். கூட்டத்தில் அய்யோ என்று ஒரு சத்தம். கீழே என் வீட்டுக்காரர் வேலியை உலுக்கி, "ஏல, முன்னால போ, முன்னால போ" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த ஸ்டேடியத்திலேயே, மகன் பின்தங்கினதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்ன தாய் நான் ஒருத்திதான்.

நான் இறங்கிப் போய் அவர் வாயைப் பொத்தினேன். ஆமாம், அத்தனை பேர் முன்னாலும் என் புருஷனின் வாயைக் கையால் பொத்தினேன். விஷயத்தைக் காதில் சொன்னதும் மனுஷன் வேலியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

சார் சொன்னதுதான் நடந்தது. முன்னால் போக யாருக்கும் இஷ்டமில்லை. ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு, ஓட்டம் மெதுவாகிவிட்டது. அந்த மெதுவில் ஸ்டீபனின் தலை நிமிர்ந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் எல்லாரும் வெறி பிடித்தாற்போல் பறந்தார்கள். இவன் நடுவில் மாட்டிக்கொண்டான். ஒருவனுடைய முழங்கை இவன் நெஞ்சில் இடித்தது. விழுந்துவிட்டான் என்றே நினைத்தேன். விழவில்லை. வெளிப்பக்கமாய் வந்து ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், மூன்றாமவனையும் தாண்டினான். கடைசி நேர்ப்பாதையில் கால் பின்னிக்கொண்டது. தள்ளாடிக்கொண்டே மூன்றாவதாகக் கோட்டைக் கடந்து புல்லில் போய் உட்கார்ந்தான். மூன்றாவது. அகில இந்தியப் போட்டிக்கு இரண்டுபேர்தான்.

இப்போது கேட்டில் இருந்தவர் என்னை மறிக்கவில்லை. நான் ஓடிவருவதைப் பார்த்து ஸ்டீபன் எழுந்து, தன் காலில் நடந்து என்னிடம் வந்தான். ஸாரிம்மா என்றான். எல்லா ஆன்ட்டிகளும் பட்டினி கிடந்தும் தான் ஜெயிக்கவில்லை என்று தேம்பினான். நான் அவனை உட்காரவைத்து இட்லியைப் பிட்டு ஊட்டினேன். கிரேஸ் அக்கா தண்ணீரோடு வந்து, முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். நரசிம்மலு சார் விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார். முன்னாலேயே ஓடியிருந்தால் மூன்றாவது சுற்றில் இவனை ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கியிருப்போம் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனைக் கேட்டேன், எப்படிடா பின்னால் போனாய் என்று. கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். நின்றுவிடலாமா, அப்பா என்ன சொல்வார் என்று தவித்தானாம். "அப்ப யாரோ, போறவங்க போகட்டும், விடுன்னு தமிழ்ல சொன்ன மாதிரி இருந்திச்சும்மா. கிரவுண்ட்ல தமிழ் யாருக்குத் தெரியும்?" என்றான். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி. யார் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு எங்கள் வீடு மாறிப்போயிற்று. என் வீட்டுக்காரர் கேன்டீனில் மகனைப் பற்றிப் பேசுவதை விட்டார். எப்படி ஓடுவது என்பதை மகனும் சாரும் பார்த்துக்கொண்டார்கள். மறுவருஷம் ஸ்டீபன் மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தான், அகில இந்தியப் போட்டிக்கும் போனான். அங்கே எத்தனாவது வந்தான் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் அந்தப் போட்டிக்குப் போகுமுன் எங்கள் ஐக்கியத்தில் நடந்தது ஞாபகமிருக்கிறது. கிரேஸ் அக்கா அவனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், உனக்காக நாங்கள் என்ன ஜெபிக்கட்டும் என்று கேட்டார். அதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என் பேரச் சொல்லுங்க ஆன்ட்டி. எத்தனாவது வரணும்னு மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லாதீங்க."

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஏதோ ஒரு கோட்டில் நின்றுகொண்டிருக்கும். அதற்காக முழங்காலில் நில்லுங்கள், உபவாசம் இருங்கள், ஆனால் அதற்குமுன் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். பிறகு அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். எனக்குப் பார்த்துக்கொண்டார்.