ஹெல்ப்புக்கு வந்தவர்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒற்றை கம்பூட்ஸ். ஐஸ் உடைக்கும் மெஷினிலிருந்து இரண்டடி தள்ளி, ஈரத் தரையில் சாயாமல் நின்றிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு ரப்பர். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வெள்ளை பெயின்ட்டில் 7 என்று எழுதியிருந்தது. மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அதன் வாயில் பாதி உடைந்த ஐஸ் கட்டி இருந்தது. அதன் ஒரு பக்கம் சிவந்திருந்தது.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தனியார் ஐஸ் ஆலை அது. படகுகளுக்கு லோடு ஏற்றும் நேரம். கட்டியைக் கையால் தள்ளியவரை மெஷின் இழுத்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் அப்போது ஒரு நாளிதழின் கடலூர் நிருபர். போனில் இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் அந்த பூட்ஸ் இருந்தது. பின்னால் சுவரோரப் பலகையில் மற்ற பூட்ஸ்கள் எண் வரிசைப்படி இருந்ததும், ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இடம் காலியாக இருந்ததும் இரண்டாவது படத்தில் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற இன்னொரு பத்திரிகை நிருபர், பத்து வருடப் பழக்கம், காதருகே வந்து சொன்னார்: “இன்னா மச்சான், பூட்ஸைப் போய் எடுக்கற? செருப்புக் கடை விளம்பரமா?”

மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு டீ வரவழைத்தார். “சார், ஒரு சின்ன ஹெல்ப். கம்பெனி பேரு வேணாம். சீசன் நேரம்.”

இது புதிதல்ல. ‘தனியார் ஆலை’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். தலையாட்டினேன். இறந்தவர் எத்தனை நாளாக வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

“வேலையா? அவரு நம்ம ஆளே இல்ல சார். நெல்லிக்குப்பம் பக்கம். லோடு ஜாஸ்தியா இருந்தா ஹெல்ப்புக்கு வருவாரு. பழக்கம், அவ்ளோதான்.”

காவல் நிலையத்துக்கு போன் செய்தேன். அங்கும் அதே வாக்கியம் கிடைத்தது. இரண்டு இடத்தில் ஒரே தகவல் வந்தால் உறுதி என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்த இரண்டு இடமும் ஒரே வாயிலிருந்து கேட்டிருக்குமா என்று பார்ப்பதையும் பழக்கியிருந்தார்கள். அன்று பார்க்கவில்லை. எப்போதாவது வருகிறவருக்கு எதற்கு எண் போட்ட பூட்ஸ் என்றும் கேட்கவில்லை. தோன்றாமல் இல்லை. பத்தரைக்கு ஆட்சியர் அலுவலகத்தில் வேறு வேலை இருந்தது.

நான்கு வரி எழுதினேன். செய்தி டெஸ்க்கில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இடமில்லை. ஹெல்ப் என்றால் உதவி. ‘ஐஸ் ஆலைக்கு உதவிக்காகச் சென்றவர் இயந்திரத்தில் சிக்கி பலி’ என்று மறுநாள் வந்தது. படத்தை ரத்தம் தெரியாமல் வெட்டி அனுப்பியிருந்தேன். வெட்டியதில் பூட்ஸ் போய்விட்டது. ஷட்டரும் மெஷினின் மேல்பாகமும் மட்டும் மிஞ்சின.

அடுத்த வருடம் என்னைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் அலுவலகம். ஜன்னல் வழியாக அந்தச் சொல் நாள் முழுக்க மேலே வரும். “அண்ணா, ஒரு ஹெல்ப், இந்த பேகைப் பாத்துக்கறீங்களா?” கல்லூரிப் பெண் கேட்பாள். “ஹெல்ப் பண்ணு மாமா, ரெண்டு பேர்தான், உள்ள ஏத்திக்க,” ஆட்டோக்காரர் சொல்வார். எனக்கு வரும் போன்களில் பாதி “சார், ஒரு சின்ன ஹெல்ப்” என்றுதான் தொடங்கும். பெரிய ஹெல்ப் என்று யாரும் கேட்டதில்லை. ஆபத்தில் அந்தச் சொல்லைக் கத்திக் கேட்டதும் இல்லை. பழைய பாலத்தருகே ஆற்றில் தவறி விழுந்தவர் ஒருவர் “ஐயோ, யாராவது வாங்களேன்” என்று கத்தியதை நேரில் கேட்டிருக்கிறேன். மேடையில் தருவதும் மனு போட்டு வாங்குவதும் உதவி. ஹெல்ப் அப்படியல்ல. விருப்பப்பட்டுச் செய்வது, கையெழுத்து இல்லாதது. செய்தவர் நாளை வராவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேட்டவரும் பொறுப்பில்லை.

ஐஸ் ஆலையில் இறந்தவரின் மனைவி அந்த மாடிக்கு வந்தது ஒரு பிற்பகல். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் உறையிலிருந்து என் நான்கு வரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத எழுதுனது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“எங்க வீட்டு மாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவரு எழுப்பச் சொல்லி மூணு வருஷம் கத்தனேன். நேரமில்ல, நேரமில்லன்னாரு. அவுங்களுக்கு மட்டும் எட்டு வருஷம், தெனம் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போயி ஹெல்ப்பு பண்ணாராமா?”

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: “அவ்ளோ நல்ல மனுசன்னு எனக்கே தெரியாம போச்சு பாருங்க.”

கடலூரில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கணவர் ஆலையின் தொழிலாளி என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்; பேசமாட்டார்கள். மனைவியிடம் இருந்தது வாய்வார்த்தை மட்டும். நான் பார்த்ததைக் கேட்டார். பூட்ஸைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன்.

“ஏழு,” என்றார். “ஏழாம் நம்பருதான். காலு வெந்துபோயி வந்து அதத்தான் திட்டுவாரு. போட்டோ இருக்கா சார்?”

இல்லை. அந்த போனைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தேன். படங்களை மாற்றியபோது வெளிவந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அலுவலகக் கணினியில் வெட்டிய படம்தான் இருந்தது. தேடுவதுபோல் சிறிது நேரம் போனைப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

“அப்ப நீங்க வந்து சொல்லுங்க. பாத்தத சொல்லுங்க, போதும்.”

ஹெல்ப் என்ற அந்தச் சொல்லை அவர் ஒருமுறைகூட என்னிடம் கேட்பதற்காகப் பயன்படுத்தவில்லை.

எங்கள் தலைமை நிருபரிடம் சொன்னேன். “போறது ஒங்க இஷ்டம். நம்ம பேப்பரு தப்பா போட்டுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க,” என்றார்.

போனேன். விசாரணை அறையில் அந்தப் பெண் எனக்கு நேர் எதிரே, மடியில் அந்த பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தார். பூட்ஸ், எண், காலியாக இருந்த இடம் மூன்றையும் சொன்னேன். ஆலைத் தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை. என் செய்தியின் நகலை நீட்டினார்.

“இது நீங்க எழுதுனதா?”

“ஆமாம்.”

“சம்பவம் நடந்த அன்னிக்கே?”

“ஆமாம்.”

“இதுல பூட்ஸ் எங்க வருது?”

“வரலை.”

“நம்பர்?”

“வரலை.”

“அன்னிக்குப் பாத்துட்டு எழுதாதது, ரெண்டு வருஷம் கழிச்சு ஞாபகம் வருது. சரி. படம் ஏதாவது?”

“இல்ல.”

“நீங்க போகலாம் சார். ரொம்ப நன்றி.”

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நெல்லிக்குப்பம் பஸ்ஸுக்குப் போனார். நான் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

நான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. நகலைத் தபாலில் எனக்கு அனுப்பிவைத்தவர் அந்தப் பெண்தான். மனு தள்ளுபடி. இரண்டாம் பக்கத்தில் இறந்தவரைக் குறிப்பிடும் இடத்தில் ‘ஐஸ் ஆலைக்கு உதவிக்காகச் சென்றவர்’ என்று இருந்தது.