உள்பக்கத் தேய்மானம்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. அவரைவிட மூத்தவரான தலைமை மருத்துவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாகச் சன்னல் இல்லாத ஓர் அறையில், கனமான ஈயக் கவசத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மூச்ச இழுங்க, அப்படியே புடிங்க, இப்ப விடுங்க" என்று நாளைக்கு எழுபது எண்பது பேரிடம் சொல்வதுதான் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்வீட்டில் அவரும், மாடியில் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அக்கா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த வண்டி. கருநீலம், இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உயரம். முதல் நாள் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏறணும்னா விழணும், எறங்கணும்னா தவழணும். இதுல தினமும் வேலைக்குப் போகப் போறியா?"

"பகல் முழுக்க வெயிலே தெரியாம இருக்கேன்டா. போற வழியாவது எனக்குப் புடிச்ச மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

தம்பி மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அக்காவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. "அண்ணி, பால் வாங்கிட்டேன்", "சரிம்மா" என்கிற அளவில் பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தது.

வாங்கிய கையோடு நான்கு டயரையும் அக்கா புதிதாக மாற்றினார். அந்த வண்டிக்கென்றே வரும் அகலமான, மென்மையான ரப்பர் டயர்கள். சாலையை அவை கவ்விக்கொள்வது ஸ்டியரிங் வழியாகவே கைக்குத் தெரியும். மருத்துவமனைக்கு ஒரு வழி முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழு ரவுண்டானா, அதைத் தாண்டினால் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சாலை. வேகத்தில் அக்காவுக்கு ஆசை இல்லை. திருப்பங்கள்தான் பிடிக்கும். யாரும் இல்லாத ரவுண்டானாவில், போக வேண்டிய வழியை வேண்டுமென்றே விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றிய நாட்களும் உண்டு.

தம்பியின் குடும்பக் காரில் டயர்கள் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வந்திருந்தன. இவையும் அதில் பாதியாவது வரும் என்று அக்கா நினைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை குனிந்து வெளிப்பக்கத்தைப் பார்ப்பார். ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளம் நல்ல ஆழமாகவே இருக்கும்.

பதினோராவது மாதம், ஒரு வாரமாக விடாத மழை. அன்று காலை அக்கா கிளம்பும்போது தம்பி மனைவி படியிறங்கி வந்தாள். கையில் ஒரு மருத்துவச் சீட்டு.

"அண்ணி, கழுத்துல ஒரு கட்டி மாதிரி இருக்கு. உங்க ஆஸ்பத்திரியிலதான் பத்து மணிக்கு ஸ்கேனுக்கு நேரம் குடுத்திருக்காங்க. அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அவரு என்னை விட அதிகமா பயந்துடுவாரு."

அக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

நீர்த்தேக்கத்தின் மூன்றாவது வளைவில் சாலையில் தண்ணீர் மெல்லிய ஏடாகப் படர்ந்திருந்தது. வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனார்கள். ஆனாலும் வண்டியின் பின்பக்கம் பிடி விட்டு வெளியே போனது. அக்கா ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். வண்டி கேட்கவில்லை. ஓசையே இல்லாமல் அரைவட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி சாலையோரப் புல்லில் போய் நின்றது.

பின்னால் வேறு வண்டி வரவில்லை. தம்பி மனைவியின் பை கவிழ்ந்து சீப்பும் மாத்திரை அட்டையும் காலடியில் சிதறிக் கிடந்தன. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

"உனக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்ல." அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "ஓட்டுங்க அண்ணி. பத்து மணிக்கு உள்ள இருக்கணும்."

ஸ்கேன் அறை அக்காவின் அறைக்கு இரண்டு கதவு தள்ளி. அன்று முதல்முறையாக அவர் வெளியே நாற்காலியில், நோயாளிகளின் உறவினர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லாத நீர்க்கட்டி. அதைத் தம்பியிடம் அவளே சொன்னாள். வண்டி சுற்றியதை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

கட்டி பயம் போனாலும் அக்காவுக்கு அந்த வளைவு மனதை விட்டுப் போகவில்லை. சாவியை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பேருந்தில் போக ஆரம்பித்தார். இரண்டு பேருந்து மாற வேண்டும். பத்தாம் நாள் தம்பி மனைவி கீழே வந்து நின்றாள்.

"வண்டிய வித்துடப் போறீங்களா?"

"உன்னை வெச்சுக்கிட்டு அப்படி ஆயிடுச்சு. ராத்திரியில தூக்கமே வரல."

"என் கழுத்துல என்னன்னு தெரியறதுக்கு முன்னாடி நானும் தூங்கல. பாத்ததும் போச்சு. இதையும் போய்ப் பாத்துட்டு வரலாம். நானும் வரேன்."

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் இருவரும் மெல்ல டயர் கடைக்குப் போனார்கள். டயர்காரர் வண்டியை லிஃப்டில் தலைக்கு மேல் தூக்கி, பின்சக்கரத்துக்கு அடியில் விளக்கைப் பிடித்தார்.

"கீழ வந்து பாருங்க மேடம்."

வெளிப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தது. உள்பக்கம் மொட்டை. ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று, ஓரிடத்தில் உள்ளிருக்கும் கம்பி இழைகூடத் தெரிந்தது.

"இந்த மாதிரி வண்டியில சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சுதான் இருக்கும். திருப்பத்துல நல்லாப் புடிக்கறதுக்காக அப்படி வெச்சிருக்காங்க. உங்க வண்டியில அந்தச் சாய்மானம் அளவுக்கு மேல போயிருக்கு. அதான் உள்பக்கம் மட்டும் தின்னுடுச்சு." அவர் டயரை உள்ளங்கையால் தடவினார். "ரவுண்டானாவுல கொஞ்சம் சந்தோஷமா ஓட்டுவீங்க போலிருக்கே?"

தம்பி மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அக்கா அந்த மொட்டைப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல உள்ளவங்க எலும்பையெல்லாம் உள்ள பாத்துச் சொல்றேன். இத வெளியில மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு நெனச்சிருக்கேன்" என்றார்.

"பதினாலாயிரம் ஓடியிருக்கு. அது ஒண்ணும் கம்மி இல்ல மேடம். தினமும் ஓட்டினா இந்த டயர் பதினஞ்சுல இருந்து இருபதாயிரம்தான் வரும். முன்னும் பின்னும் வேற வேற அகலம், மாத்திப் போடவும் முடியாது. கெட்டி ரப்பர்ல வேணும்னா இருக்கு, ரெண்டு பங்கு நாள் வரும். ஆனா இந்தப் புடிப்பு இருக்காது."

அக்கா யோசித்தார். கெட்டி ரப்பரே போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, தம்பி மனைவி குறுக்கிட்டாள்.

"மழையில எது நல்லா நிக்கும்?"

"புதுசா இருக்கறப்ப இதுதான். மூணு மில்லிமீட்டருக்குக் கீழ போனா எதுவுமே நிக்காது."

"அப்ப இதையே போடுங்க. மூணுக்கு வந்ததும் மாத்திடலாம். நான் ஞாபகப்படுத்தறேன்."

தன் வண்டியைப் பற்றி இவ்வளவு உரிமையாக ஒருவர் பேசியது அக்காவுக்குப் புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

டயர் மாற்றி, சக்கரச் சாய்மானத்தைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. அந்த வளைவை மறுபடி கடக்க அக்காவுக்கு இன்னொரு வாரம் பிடித்தது. முதல் நாள் அங்கே வரும்போது பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு மெதுவாகப் போனார். அடுத்த நாள் சற்று பரவாயில்லை. மாதக் கடைசியில் திருப்பங்கள் மறுபடியும் பிடிக்க ஆரம்பித்தன. ஆனால் ரவுண்டானாவில் இரண்டாவது சுற்று நின்றுபோனது. மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் தரையில் படுத்து, டார்ச் அடித்து, உள்பக்கம் நடுப்பக்கம் வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் பள்ளத்தை அளந்தார்கள். மாடியிலிருந்து தம்பி, "ரெண்டு பேரும் என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்பான்.

அந்த டயர்கள் பதினேழாயிரம் கிலோமீட்டர் வந்தன. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்து, மூன்று மில்லிமீட்டரில் நின்றன. டயர்காரர் பார்த்துவிட்டு, வெயில் காலம்தானே, இன்னும் இரண்டாயிரம் ஓட்டலாமே என்றார். அக்கா கேட்கவில்லை.

புது டயர் மாட்டியதும் டயர்காரர் சாவியைக் கொடுத்தபடி, "மேல ஒரு வழவழப்பு இருக்கும் மேடம். முதல் இருநூறு கிலோமீட்டர் பையப் போங்க" என்றார். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தக் கருநீல ஸ்போர்ட்ஸ் கார் சாலையின் ஓரமாக ஊர்ந்தது. லாரிகள் தாண்டின. பள்ளிக்கூட வேன் தாண்டியது.

"அண்ணி, அந்த சைக்கிள்காரரு நம்மளப் பாத்து சிரிச்சுட்டுப் போறாரு."

"போகட்டும். இன்னும் நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் இப்படித்தான்" என்றார் எக்ஸ்ரே அக்கா.