நீர் என்று சொன்ன பிரபு

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் உள்ள அந்தச் சிறிய தியேட்டரில் ஞாயிறு பின்னேரங்களில் பழைய ஹாலிவுட் படங்கள் போடுவார்கள். அம்மாவை நான் அங்கே கூட்டிப்போனதற்கு உள்நோக்கம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் ஒருத்தியை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். ‘படிக்க அனுப்பினால் இதுதானோ?’ என்று அம்மா கேட்டுவிட்டால்?

அவளோ, “இந்த ஞாயிறு சொல்லும். இல்லாட்டி இனி ஒளிச்சுச் சந்திக்கிறேல்லை” என்றுவிட்டாள். ஆகவே திட்டம் போட்டோம். தற்செயலாக வந்தவள்போல அவள் எங்களுக்குப் பின்வரிசையில் இருப்பாள். இடைவேளையில் நான் சொல்லவேண்டும்.

படம் ஓர் அரண்மனைக் காதல் கூத்து. ராணியின் தோழியை விரும்பும் பிரபு, நடன ஆசிரியர் வேடத்தில் உள்ளே நுழைகிறான். ராணி, அவன் தன்னைத்தான் விரும்புகிறான் என்று நினைத்துக்கொள்கிறாள். திரையின் அடியில் ஜெர்மன் ஒரு வரி, பிரெஞ்சு ஒரு வரி. அம்மா எழுத்துக்கூட்டுவதற்குள் இரண்டும் ஓடிவிடும். நான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இவன் ஏன் பொம்பிளையள் மாதிரி முடி வளர்த்திருக்கிறான்?”

“அது பொய்முடி அம்மா. அந்தக் காலத்துப் பெரிய ஆக்கள் வைக்கிறது.”

“நான் சமைக்கிற ஆஸ்பத்திரிக் குசினியிலை எண்டால் தலைக்கு வலை போடச் சொல்லுவினம்.”

பிரபு தோழியின் முன் முழந்தாளிட்டான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் பேசியதைத் தமிழாக்கினேன்.

“இஞ்சாரும், நீர் ஓமெண்டு சொல்லும். ராணியை நான் பாத்துக்கொள்ளுறன்.”

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. தியேட்டரில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார்.

இடைவேளைக்கு விளக்கைப் போட்டார்கள்.

“தம்பி, என்னை நீங்கள் எண்டுவாய். தங்கச்சியை நீ எண்டுவாய். இந்த நீர் எங்கையிருந்து வந்தது?”

“அப்பாட்டையிருந்து...”

“கொப்பர் என்னை எப்ப நீர் எண்டவர்? கலியாணம் கட்டின நாளிலையிருந்து ‘எடியே’தான்.”

நீ என்பதில் உள்ள நெருக்கமும் நீங்கள் என்பதில் உள்ள மரியாதையும் சேர்ந்த அந்தச் சொல்லை நான் ஒருத்தியிடம் மட்டுமே பழகியிருந்தேன்.

“அம்மா, எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. பின்னுக்கு இருக்கிறா.”

“அது தெரியுது. நீ தமிழிலை சொன்னதுக்குச் சிரிச்சது அந்தப் பிள்ளை ஒராள்தானே.”

அம்மா கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கடலைவடைப் பொட்டலத்தைப் பிரித்து, இருக்கைக்கு மேலால் பின்னே நீட்டினார்.

“இந்தாரும் பிள்ளை, நீரும் எடும். இவன் சொல்லுற கதை எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்திலை வந்திருந்து நீர் சொல்லும்.”

நான் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். மீதிப் படத்தை அவள்தான் மொழிபெயர்த்தாள். எல்லாம் தெரிந்துபோன ராணி தோழியைப் பார்த்துக் கத்திய இடத்தில், அவள் என் அம்மாவின் காதுக்குள் “எடியே” என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசைக் கிழவர் திரும்பி எங்கள் மூவரையும் பார்த்து, சத்தம் வேண்டாம் என்பதுபோல “ப்ஸ்ட்” என்றார்.