துளசிங்கம் துரை வீட்டாரோடு மலையேறிய நாள்

கோட்டைக்குப்பத்துத் துளசிங்கம் தனக்கு மேற்கு மலையைத் தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. கடலில் நின்று பார்த்தால் அந்த மலைக்கு இரட்டைத் திமில். இரண்டும் ஒல்லாந்தர் கோட்டைக் கொடிமரத்துக்கு நேர் பின்னே வருகிற இடத்தில் வலையை இறக்கினால் மீன் ஏமாற்றாது. பிறந்தது முதல் அவன் பார்க்கும் மலை அது. ஆனால் அவன் கால் அதில் ஒருநாளும் பட்டதில்லை.

பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்துவந்த ஒல்லாந்தத் துரை ஒருவருக்கு, மனைவி மக்களோடு ஒரு பகல் மலைக்காற்று வாங்க ஆசை வந்தது. சிறு குழந்தைகளும் ஏறக்கூடிய சுலபமான வழியைக் காட்ட ஆள் தேடி அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் ஞானதாஸ் குப்பத்துக்கு வந்தார்.

"அந்த மலையா? அது இல்லாம எங்க பொழப்பே இல்ல நைனா" என்றான் துளசிங்கம்.

அவன் உடனே தலையாட்டியதற்குக் காரணம் தம்பி முனியன். பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையே அந்தத் துரைக்கு விற்றுக்கொண்டவன் முனியன். கண்காணாத தீவுக்கு அடிமைகளை ஏற்றிப்போகக் கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலில் அடைபட்டுக் கிடந்தான். வீட்டில் அவன் மனைவி மணியம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. குடும்பத்தை நல்லபடியாக அழைத்துப்போக ஒப்புக்கொண்டால், மலைக்குக் கிளம்புவதற்கு முன்பே கப்பலுக்குச் சொல்லியனுப்பி முனியனை இறக்கிவிடுவதாகத் துரை வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைத் துளசிங்கம் சாமி வாக்காக நம்பினான்.

முந்தின நாளே வண்டிகளில் போய் அடிவாரத்தில் தங்கினார்கள். விடிந்ததும் துளசிங்கம் அண்ணாந்து பார்த்தான். திமிலையே காணோம். கல்லும் முள்ளும்தான் இருந்தன. நல்லவேளை, ஓடையை ஒட்டி மாடுகள் போன தடம் ஒன்று கண்ணில் பட்டது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அதில் நடந்தான். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

வழி என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. கூட வந்தவர்களைத்தான் சகிக்க முடியவில்லை.

துரையின் சின்ன மகள் அவன் தோளில் உட்கார்ந்திருந்தாள். மீன் நாறுகிறான் என்று அவன் கழுத்தில் வாசனைத் துணியைச் சுற்றிவிட்டாள் துரைசாணி. அவள் கூடையிலிருந்த பாலாடைக்கட்டியோ, வெயிலேற ஏற, ஒரு வாரம் மண்ணில் புதைத்த திருக்கை மாதிரி நாறியது. பாதி வழியில் மூத்த பையன் வாந்தியெடுத்தான். அது துளசிங்கத்தின் காலில் தெறித்தது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குடிக்கிற சுனையில் துரை பூட்ஸைக் கழற்றிக் காலை விட்டு, விரலிடுக்கு அழுக்கைத் தேய்த்தார். கீழே அதே நீரைத்தான் துளசிங்கம் கையில் ஏந்தியிருந்தான். கையை உதறிவிட்டு, நாக்கு வறள நடந்தான். தம்பிக்காக இதுவும் ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

உச்சியில் விரிப்புப் போட்டார்கள். துரை பன்றித் தொடையைக் கடிக்க, கொழுப்பு தாடியில் வழிந்தது. அவர் எறிந்த எலும்பை, அவர்களோடு வந்த நாய் முகர்ந்துவிட்டுப் போனது. அதில் ஒட்டியிருந்த சதையை ஞானதாஸ் எடுத்துத் தின்றார். துளசிங்கம் முகத்தைத் திருப்பிக் கிழக்கே பார்த்தான்.

பழவேற்காட்டு ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. அதற்கப்பால் கடல். கடலில் ஒரு வெள்ளைப் பொட்டு. மற்றவர்களுக்கு அது கொக்காகத் தெரிந்திருக்கலாம். அவன் கடலில் வளர்ந்தவன். அது விரித்த பாய். கப்பல் நங்கூரமிட்ட இடத்தில் இல்லை.

"நைனா, கப்பல் போவுது. தம்பிய எறக்கிட்டாங்களான்னு கேளு."

ஞானதாஸ் கேட்டார். துரை மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். பிறகு நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டு ஏதோ சொல்ல, துரைசாணிக்குச் சிரிப்பு வந்தது.

"கூடையெல்லாம் கட்ற அவசரத்துல மறந்துட்டாராம்டா" என்றார் ஞானதாஸ், விரலை நக்கியபடி. "இன்னா பண்றது? மனசுல வச்சுக்காத. இந்தா, ரெண்டு துண்டு துன்னு."

குழந்தை அவன் தோளிலேயே தூங்கியிருந்தது. அதன் எச்சில் அவன் கழுத்தில் வழிந்தது. இரண்டடி தள்ளிப் பாறை செங்குத்தாக இறங்கியது. அந்தப் பள்ளத்தை அவன் ஒரு கணம் பார்த்தான். ஐயோ, அந்தக் கணம்! தனக்குள் எழுந்த எண்ணம் அந்தப் பாலாடைக்கட்டியைவிடக் கேவலமாக நாறியது. குழந்தையை அதன் தாய் மடியில் கிடத்தினான். வாசனைத் துணியை அவிழ்த்து அவர்கள் சாப்பாட்டின் மேல் போட்டான்.

"டேய், எறங்குற வழிய யாருடா காட்டுவா?" என்று ஞானதாஸ் பின்னாலிருந்து கத்தினார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினான். மலை முடிந்தும், வயல் முடிந்தும், இரவு முடிந்தும் ஓடினான். குப்பத்தில் மணியம்மாள் குடிசை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நேரே கடற்கரைக்குப் போய்க் கட்டுமரத்தைத் தள்ளினான். கப்பல் நின்றிருந்த இடம் வரைக்கும் துடுப்புப் போட்டான்.

அங்கே கப்பல்காரர்கள் கொட்டிவிட்டுப் போன குப்பைதான் மிதந்தது. அழுகிய வெங்காயம், கோழியிறகு, மனிதக் கழிவு படிந்த வைக்கோல். அந்த வைக்கோலில்தான் தம்பி படுத்திருப்பான் என்று நினைத்தான். கட்டுமரத்தின் ஓரத்தில் குனிந்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தான். பிறகு அந்தக் குப்பையின் நடுவே, வாயைக்கூடத் துடைக்காமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.